இழுத்தால் வராத பட்டை

உலகத்தில் சில வஸ்துக்கள் உண்டு. அவசரப்பட்டு இழுத்தால் அவை வரமாட்டா. நிதானமாய் இழுத்தால் தாமாகவே வந்துவிடும். கன்றுக்குட்டி அவற்றில் ஒன்று. மோட்டார் வண்டியின் சீட் பெல்ட் மற்றொன்று. ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கன்றுக்குட்டி முரண்டு செய்வது அதன் பிறவிக் குணம். சீட் பெல்ட் முரண்டு செய்வதோ, நம்முடைய உயிரைக் காப்பதற்காக வேண்டுமென்றே அதற்குக் கற்றுக் கொடுக்கப்பட்ட பாடம். அந்தப் பாடத்தை அது சில சமயம் அளவுக்கு மீறி ஒப்பிக்கிறது. அப்போது என்ன செய்வது என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

புதுக்கோட்டை ஜில்லாவில் உள்ள குளத்தூர்ப் பக்கத்தை நேயர்களில் பலர் அறிந்திருக்கலாம். தாலுகாவுக்குப் பெயர் குளத்தூர். தாலுகா கச்சேரி இருப்பதோ கீரனூரில். நார்த்தாமலையும் குன்னாண்டார்கோவிலும் இந்தத் தாலுகாவைச் சேர்ந்தவைதாம். செம்மண் பூமி. கோடை நாளில் கிராமத்து மண் சாலையில் ஒரு கார் போனால், அதற்குப் பின்னால் செம்புழுதி ஒரு மேகம் போல் எழும்பி நிற்கும். கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு பிரயாணம் செய்கிறவர்களுடைய வெள்ளை வேஷ்டிக்கு என்ன கதியோ, அதே கதிதான் காரில் தொங்கும் பெல்ட்டுக்கும். வேஷ்டியை மறுநாள் துவைத்துவிடுகிறோம். பெல்ட்டை யார் துவைக்கிறார்கள்?

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் முழுவதும் காரில் ஏறி உட்கார்ந்தாயிற்று. பின் ஆசனத்தில் இருக்கும் அம்மாள் பெல்ட்டை இழுக்கிறாள். அது வரவில்லை. பலமாக இழுக்கிறாள். அரை முழம் வந்து நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளை தம் புஜபலத்தைக் காட்டுகிறார். பெல்ட் அசையவில்லை. "சரி, இருக்கட்டும், இங்கே இருக்கிற திருச்சிக்குத்தானே?" என்று யாரோ சொல்லுகிறார்கள். கார் புறப்பட்டுவிடுகிறது.

இந்த "இருக்கட்டும்" என்ற சொல்லைத்தான் நாம் கண்டு அஞ்ச வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் திடீரென்று எதன் மேலாவது மோதி நின்றால், பெல்ட் அணியாதவருடைய உடம்பு அதே வேகத்தில் முன்னால் பாய்கிறது. நாலு மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து தரையில் விழுகிறவனுடைய வேகமும் ஏறக்குறைய இதுவேதான். நாலாவது மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லை என்றால், "சரி, இருக்கட்டும்" என்று யாராவது சொல்வார்களா? 2021-ஆம் வருஷத்தில் மட்டும் பெல்ட் அணியாததால் இந்தியச் சாலைகளில் 16,397 பேர் மாண்டதாக மத்திய சர்க்காரின் போக்குவரத்து இலாகா கணக்குச் சொல்லுகிறது. அவர்களில் 7,959 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல. சும்மா உட்கார்ந்து வந்தவர்கள். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி பால்கர் ஜில்லாவில் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்த விபத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முன்னால் இருந்த இருவரும் பலத்த காயங்களுடன் பிழைத்தார்கள். பின் ஆசனத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தார்கள். பின் ஆசனம் பத்திரமான இடம் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆதாரமற்றது!

இனி, பெல்ட் ஏன் சிக்கிக்கொள்கிறது என்று பார்ப்போம். காரின் பக்கத்துத் தூணுக்குள்ளே ஓர் உருளை இருக்கிறது. பட்டை அதன் மேல் சுற்றியிருக்கிறது. ஒரு சுருள்வில் அதை எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். உருளைக்கு இரண்டு காவற்காரர்கள் உண்டு. ஒருவன் வண்டியைக் கவனிக்கிறான். அநேக கார்களில் அவன் ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் சிறிய எஃகுக் குண்டு. வண்டி சடக்கென்று நின்றாலும், மிகவும் சாய்ந்தாலும், குண்டு உருண்டு உருளையைப் பூட்டிவிடும். இன்னொருவன் பட்டையைக் கவனிக்கிறான். பட்டையை வெடுக்கென்று இழுத்தால் அவன் பூட்டுப் போடுவான். ஆகையால் மாப்பிள்ளையின் புஜபலம் பெல்ட்டின் கண்ணுக்கு ஒரு விபத்தாகத் தோன்றுகிறது. அவர் இன்னும் பலமாக இழுக்க, அது இன்னும் விசுவாசமாகப் பிடித்துக்கொள்கிறது!

இந்த இரகசியம் தெரிந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. வண்டி கண்மாய்க் கரைச் சரிவிலோ, ஒரு சக்கரம் பள்ளத்திலோ நின்றிருந்தால் முதலில் சமதரைக்குக் கொண்டு வாருங்கள். பிறகு பட்டையை ஒரு முறை அழுத்தமாக இழுத்து, கையைத் தளர்த்தி, சிறிது உள்ளே போகவிடுங்கள். பூட்டு விடுபடும். அதன் பின் கிணற்றில் வாளியை இழுப்பது போல் ஒரே சீராக, மெதுவாக இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

வராவிட்டால், பட்டை போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். தோளுக்கு மேலே தூணில் இருக்கும் வளையத்தில் பட்டை முறுக்கிக்கொண்டு மடிந்திருக்கலாம். கதவிலோ ஆசனத்தின் இடுக்கிலோ அகப்பட்டிருக்கலாம். முறுக்கை விரலால் பொறுமையாகப் பிரித்துவிட வேண்டும். கத்தி, திருப்புளி முதலிய ஆயுதங்கள் பட்டையின் நூலை அறுக்கும், அவற்றைத் தொடவேண்டாம்.

வெளியே இழுத்தால் வருகிறது, ஆனால் உள்ளே திரும்பிப் போகாமல் சோம்பிக் கிடக்கிறது என்றால், குற்றவாளி பெரும்பாலும் அழுக்குத்தான். செம்புழுதியும் வேர்வையும் தலையெண்ணெயும் சேர்ந்து பட்டையைக் கனமாக்கிவிடுகின்றன. வளையத்திலும் பிசுக்காகப் படிகின்றன. இதற்கு மருந்து வெந்நீர் கூட அல்ல, வெதுவெதுப்பான நீரும் சிறிது சோப்பும். பட்டையை முழுவதும் வெளியே இழுத்து, அது உள்ளே ஓடிவிடாதபடி காகிதக் கட்டுகளுக்குப் போடும் பெரிய இரும்புக் கிளிப்பினால் தூணுக்கு அருகில் பிடித்து வையுங்கள். மெல்லிய பிரஷ்ஷால் நீளவாட்டில் தேய்த்து, ஈரத் துணியால் சோப்பைத் துடைத்து எடுங்கள். தண்ணீரை உருளைக்குள் ஊற்றிவிடலாகாது. வளையத்தையும் நன்றாகத் துடையுங்கள். பிறகு ஓர் இரவும் ஒரு பகலும் அப்படியே நிழலில் உலரவேண்டும். ஈரம் இருக்கும்போது கிளிப்பை எடுத்தால், பட்டை உள்ளே போய்ப் பூஞ்சணம் பிடித்துக்கொண்டு உட்காரும். சலவைப் பொடியின் வெளுப்பு மருந்து, மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவை கூடவே கூடா. அவை பட்டையின் வலுவைக் கெடுக்கும். தேங்காயெண்ணெயும் வேண்டாம், அடுத்த புழுதிக்கு அது பசையாய் அமையும்.

நாக்கைப் பூட்டும் பக்கிளில் சிக்கல் என்றால், குழந்தைகள் அதற்குள் என்ன காணிக்கை செலுத்தியிருக்கிறார்கள் என்று டார்ச் விளக்கால் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசும், பொரியும், மிட்டாய்க் காகிதமும் அங்கே குடியிருப்பது சகஜம். தூசி உறிஞ்சும் யந்திரத்தால் அவற்றை எடுத்துவிடலாம்.

இவ்வளவுதான் வீட்டு வைத்தியம். இதற்கு மேல் ஒரு கோடு இருக்கிறது. நம் வீட்டு வேலையை நாமே செய்துகொள்வது மிகவும் சிலாக்கியமானது. ஆனால் கையை எங்கே எடுத்துக்கொள்வது என்று அறிவதும் அந்தக் கைத்திறமையைச் சேர்ந்ததே. உருளையின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் சுருள்வில் தெறித்து வெளியே வந்தால், அதைத் திரும்பச் சுற்றி வைப்பது வீட்டில் ஆகிற காரியமல்ல. அதிலும் அநேகப் புதிய கார்களில், மோதும் கணத்தில் பட்டையை இறுக்குவதற்காக ஒரு சிறு வெடிமருந்துக் குப்பி வைத்திருக்கிறார்கள். அதைக் குடைவது தீபாவளி வெடியை மடியில் வைத்துப் பிரிப்பதற்கு ஒப்பாகும். விபத்துக்குப் பிறகு இறுகி நின்றுவிட்ட பெல்ட்டும், ஓரம் நைந்துபோன பெல்ட்டும், எலி கடித்த பெல்ட்டும் தங்கள் கடமையை முடித்துவிட்டவை. தையற்காரரிடம் கொடுத்து ஒட்டுப் போட வேண்டாம். தகுந்த பட்டறையில் புதிது மாற்றுவதே முறை.

எல்லாம் முடிந்ததும் ஒரு பரீட்சை செய்யுங்கள். பட்டையை வெடுக்கென்று இழுங்கள். அது நிற்க வேண்டும். மெதுவாக இழுத்தால் வந்து, வெடுக்கென்று இழுத்தால் நின்றால்தான் அது சீட் பெல்ட். எப்படி இழுத்தாலும் தாராளமாய் வருமானால் அது வெறும் நாடா. சிக்கிக்கொண்ட பெல்ட்டைவிட அபாயமானது. ஏனெனில் சிக்கிய பெல்ட் தன் குறையைச் சொல்லுகிறது. இது சொல்லாமல் ஏமாற்றுகிறது.

ஏமாற்று என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பெல்ட் அணியாவிட்டால் காரில் ஒரு மணி ஒலிக்கிறதல்லவா? அதன் வாயை அடைப்பதற்கென்றே ஒரு போலி நாக்கு விற்றார்கள். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, இணையக் கடைகளிலிருந்து இப்படிப்பட்ட 13,118 விளம்பரங்களை நீக்கச் செய்தது. பெல்ட் அணியாதவருக்கு 2019-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம் என்பதும் உண்மை. ஆனால் போலீஸாரையும் மணியையும் ஏமாற்றிவிடலாம். வேகத்தை ஏமாற்ற முடியாது.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இந்தப் பட்டையை 1959-இல் கார்களுக்கு அளித்தவர் நில்ஸ் போலின் என்னும் சுவீடன் தேசத்து எஞ்சினீயர். அவர் வேலை பார்த்த வால்வோ கம்பெனி அதற்குப் பேட்டண்ட் உரிமை வைத்திருந்தும், மற்றக் கம்பெனிகளும் தாராளமாய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. உலகத்துக்கெல்லாம் இலவசமாய்க் கிடைத்த அந்த நன்மை, நம் வீட்டு வாசலில் நிற்கும் காரில் புழுதியும் பொரியும் அடைத்துக்கொண்டு வீணாகலாமா? வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு வண்டியண்டை போங்கள். பின் ஆசனத்துப் பெல்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள். நீண்ட நாளாக யாரும் விசாரிக்காமல் கிடப்பது அதுதான்.