சும்மா ஒன்று எழுதித் தாங்க காக்கா



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். வாசித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள். ஆனால் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம்ம ஊரில் ஒரு காக்கா இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எப்படியும் உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். ஒரு காலத்தில் மெயின் வீதியில் இருந்த கடைப் பெயர்ப்பலகைகளில் அரைவாசி அவர் கையால் எழுதியவை. பிறகு டிஜிட்டல் பிரின்ட் வந்தது. காலையில் போனால் பின்னேரம் பேனர் கையில் கிடைக்கும் என்ற நிலை வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. சில வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து, இப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் போட்டு, அதற்குள் இருந்து அரபு எழுத்தணி செய்கிறார். இடைக்கிடை கடலும் வயலும் வரைகிறார்.

போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்யத் தொடங்கினார். மாதத்தில் முதல் சனிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்து மஃரிப் வரைக்கும் அந்தக் கொட்டிலின் கதவு திறந்திருக்கும். யாரும் போகலாம். அவர் வேலை செய்வதைப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். காசு இல்லை. பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அஸருக்கு முன் ஒன்றரை மணித்தியாலம் தனியாக ஒதுக்கியிருக்கிறார். அந்த நேரம் அவருடைய மனைவியும் கூட இருப்பார்.

இரண்டு மாதத்துக்கு முன் நான் தரம் 8 பொடியன்மார் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் கணித ஆசிரியர். எங்கள் பாடசாலையில் சித்திரத்துக்கு ஆள் இல்லாததால் அந்தப் பாடவேளையும் என் தலையில்தான். கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் எப்படிப் படிப்பிப்பது என்று படித்தேன், ஆனால் சித்திரம் படிப்பிக்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. புத்தகத்தில் இருக்கும் படத்தைக் காட்டி "இப்படிக் கீறுங்க" என்று சொல்வதுதான் என் சித்திரப் பாடம். சங்கடமாக இருந்தது. அதனால்தான் போனேன்.

காக்கா முதலில் படம் எதுவும் காட்டவில்லை. நாணல் தண்டு ஒன்றை எடுத்து, கத்தியால் நுனியைச் சரிவாகச் சீவினார். அதுதான் கலம், பேனை. மையில் தோய்த்துத் தாளில் ஒரு தடவை அழுத்தினார். சாய்சதுரமாக ஒரு புள்ளி விழுந்தது. அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. ஏழு புள்ளி வைத்தார். பக்கத்தில் ஒரு அலிஃப் இழுத்தார். சரியாக ஏழு புள்ளி உயரம்.

"இது துலுத் எண்ட எழுத்து வகை. இந்தப் புள்ளிதான் அடிமட்டம். பேனை பெரிசெண்டா புள்ளி பெரிசு, எழுத்தும் பெரிசு. ஆனா கணக்கு மாறாது" என்றார்.

நான் பின்னால் நின்று யோசித்தேன். இது விகிதம். போன தவணை கரும்பலகையில் நான் இரண்டு கிழமையாகப் படிப்பித்தும் பிள்ளைகளுக்குப் பிடிபடாத விகிதம். ஆயிரம் வருடத்துக்கு மேலாக முஸ்லிம் எழுத்தாளர்கள் கையில் வைத்திருக்கும் அளவு இது. எழுத்தை இப்படிப் புள்ளியால் அளந்து ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் என்று பக்தாதில் வஸீராக இருந்த இப்னு முக்லாவைச் சொல்வார்கள். கி.பி. 940இல் மரணித்தவர். நம் பிள்ளைகள் ஓதப் பழகும்போது தினமும் பார்க்கும் எழுத்துக்குள் இப்படி ஒரு கணக்கு இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

பிறகு பெயர்ப்பலகைத் தொழிலையும் காட்டினார். நூலில் சோக்குத் தூள் பூசி, இரண்டு பேர் இரு பக்கமும் பிடிக்க, நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். நுனியில் துணி சுற்றிய ஒரு கம்பைப் பலகையில் ஊன்றி, அதன் மேல் கையை வைத்தால் கை நடுங்காது. தாளில் எழுத்தைக் கீறி, கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, கரித்தூள் கட்டிய துணியால் தட்டினால் எழுத்து சுவரில் இறங்கும். பிள்ளைகள் ஒவ்வொன்றையும் செய்து பார்த்தார்கள்.

அதில் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரன். ஆனால் கொப்பியில் ஒரு பிழை வந்தால் தாளையே கிழித்துவிடுவான். தவணை முடியும்போது அவனுடைய கொப்பி பாதிதான் இருக்கும். அவன் காக்காவிடம் கேட்டான், "நீங்களும் பிழை விடுவீங்களா?"

காக்கா சிரித்துவிட்டு மேசைக்குக் கீழே இருந்து ஒரு கட்டுத் தாளை இழுத்துப் போட்டார். எல்லாம் ஒரே சொல். ஒன்றில் வாவின் தலை பெரிது, ஒன்றில் வால் நீளம், ஒன்றில் மை ஊறிவிட்டது. ஒன்றையும் எறியவில்லை. எந்த இடத்தில் பிழைத்தது என்று பக்கத்தில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தார். சுவரில் அந்தச் சொல் சட்டம் போட்டு அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் தாளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அடுத்த கிழமை கணிதக் கொப்பியில் பிழையான செய்கைக்கு மேல் ஒரு கோடு மட்டும் போட்டு, கீழே திரும்பச் செய்திருந்தான். தாள் கிழியவில்லை.

பெரிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை. ஒன்பது பேரில் ஒருவன். இன்னும் இரண்டு பேர் அரை மணித்தியாலத்தில் அலுத்துப்போய் வளவுக்குள் பந்தடித்தார்கள். ஆனால் அந்த ஒருவனுக்கு நான் ஒன்றரை வருடமாகச் சொன்ன புத்தி ஏறவில்லை, அந்தக் கட்டுத் தாளைப் பார்த்ததும் ஏறியது. முடித்த படத்தை கண்காட்சியிலும் பார்க்கலாம், போனிலும் பார்க்கலாம். அது எப்படி முடிந்தது என்பதை, செய்கிறவரின் இடத்துக்குப் போனால்தான் பார்க்க முடியும்.

இது ஏதோ வெள்ளைக்காரர் பழக்கம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நம்ம உம்மம்மாமார் திண்ணையில் இருந்து பன் பாய் இழைத்தது மறந்துவிட்டதா? சாயம் காய்ச்சுவதையும் பன் கீறுவதையும் பார்த்துத்தானே அடுத்த வீட்டுப் பிள்ளையும் பழகியது? மருதமுனையில் தறிச் சத்தம் கேட்டால் வாசலில் நின்று எட்டிப் பார்க்காத பிள்ளை இருந்திருக்குமா? அன்றைக்குத் தொழில் எல்லாம் திறந்த கதவுக்குள்தான் நடந்தது. இப்போது எல்லாக் கதவும் மூடியிருக்கிறது, பிள்ளைகளுக்குப் பொருள் மட்டும்தான் தெரிகிறது. காக்கா பழைய கதவு ஒன்றைத் திரும்பத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான்.

மற்ற இடங்களில் இதை மதிக்கிறார்கள். அம்பலாங்கொடைக்குச் சுற்றுலா போனவர்களுக்குத் தெரியும், மரத்தில் முகமூடி செதுக்குவதைப் பட்டறைக்குள்ளேயே நின்று பார்க்கலாம். கொழும்பில் 1993இல் தொடங்கிய 'கலா பொல'வில் ஓவியர்கள் வீதியோரத்தில் தங்கள் படங்களோடு தாங்களே நிற்பார்கள், யாரும் போய்ப் பேசலாம். சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்று ஓர் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உண்டாக்கியது. அவர்கள் பத்திக் துணியும் கைப்பணிப் பொருளும் செய்து விற்று, அந்த வருமானத்தில் இருந்துகொண்டு ஓவியம் வரைந்தார்கள். அதாவது, கதவு திறந்திருக்க வேண்டும் என்றால் அடுப்பும் எரிய வேண்டும் என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே விளங்கியிருந்தார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை போனபோது காக்கா முகம் சரியில்லை. "சேர், அடுத்த மாசம் திறக்கிறதா வேணாமா எண்டு யோசிக்கிறன்" என்றார். ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

வருகிறவர்களில் பலர் வாசலைத் தாண்டியதும் கேட்கும் முதல் கேள்வி, "எனக்கும் சும்மா ஒரு மாஷா அல்லாஹ் எழுதித் தாங்க காக்கா." பெயின்ட் மிச்சம் இருக்கிறதுதானே, ஐந்து நிமிசம்தானே என்கிறார்கள். ஒருவர் சுவரில் இருந்த வேலையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய், பெரிதாக பிரின்ட் அடித்துக் கலியாண மண்டபத்தில் தொங்கவிட்டிருக்கிறார். காக்கா அந்தக் கலியாணத்துக்குப் போயிருந்தார். தன்னுடைய வேலைக்குக் கீழே இருந்து சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்திருக்கிறார். இன்னொருவர் ஒரு படத்துக்கு விலை கேட்டுவிட்டு, "கடைசியில இதுக்குப் போட்ட சாமான் எவ்வளவு வரும்?" என்று கேட்டிருக்கிறார்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் காது சுட்டது. ஏனென்றால், இந்த வருடம் எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நான்கு பலகை எழுதுவித்தவன் நான். "பள்ளிக்கூடத்துக்குத்தானே காக்கா" என்று சொன்னேன். இரண்டு இரவு இருந்து எழுதித் தந்தார். பெயின்ட் காசு மட்டும் கொடுத்தோம். மைதானத்துக்குக் கொட்டகை போட்டவருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் முழுக் காசு கொடுத்தோம். அவர்களிடம் யாரும் "பள்ளிக்கூடத்துக்குத்தானே" என்று சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அன்றே அந்தக் கூலியைக் கொடுக்கப் போனேன். "அது முடிஞ்ச கதை சேர்" என்று வாங்க மறுத்தார். சரி, என் வீட்டு வாசலுக்கு ஒரு வேலை செய்து தாருங்கள், விலை நீங்கள் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். குறைத்துக் கேட்கவில்லை. அந்தப் பழைய கணக்கு இதனால் தீர்ந்துவிடாது என்று எனக்குத் தெரியும்.

தன் கையால் உழைத்துச் சாப்பிடுவதன் சிறப்பைப் பற்றியும், தாவூத் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் அப்படித்தான் சாப்பிட்டார்கள் என்பதைப் பற்றியும் எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்? கை உழைப்பை அவ்வளவு உயர்த்திச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, ஒரு கை உழைப்பாளியிடம் போய் "சும்மா தாங்க" என்கிறோம்.

"இதெல்லாம் வீண் வேலை, சித்திரம் ஹராம்" என்று சிலர் சொல்வதும் அவர் காதுக்குப் போயிருக்கிறது. நான் மௌலவி இல்லை. உருவப்படம் பற்றிய சட்டத்தை உலமாக்களிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அந்தக் கொட்டிலில் மனித உருவம் ஒன்றும் இல்லை. இருப்பது எழுத்து, கடல், வயல். போய்ப் பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இனி, என்ன செய்யலாம்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

போனால் பாருங்கள், கேளுங்கள், எவ்வளவு நேரமும் இருங்கள். அதற்குத்தான் அவர் திறந்து வைத்திருக்கிறார். ஆனால் வேலையை இலவசமாகக் கேட்காதீர்கள். பார்க்க விடுவது அவருடைய அன்பளிப்பு. செய்து தருவது அவருடைய தொழில். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

போனில் படம் எடுக்க முதல் கேளுங்கள். எடுத்த படத்தை பிரின்ட் அடிக்காதீர்கள். அது ஒருவருடைய கடையில் இருந்து சாமானைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி.

கடைக்காரர்களே, பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, அடுத்த பலகைக்குப் பேனர் அடிக்க முதல் ஒரு தரம் அவரிடமும் விலை கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் அவரிடமே கொடுங்கள் என்று சொல்லவில்லை. கேட்டாவது பாருங்கள்.

ஆசிரியர்களே, பத்துப் பத்துப் பேராகப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அதிபரிடமும் பெற்றோரிடமும் கடிதத்தில் அனுமதி எடுங்கள். வந்ததற்கு அடையாளமாக ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சின்ன வேலையை விலைக்கு வாங்கலாம், அல்லது வகுப்புக் காசில் ஒரு மை போத்தல் வாங்கிக் கொடுக்கலாம். கலைஞருக்கும் கூலி உண்டு என்று பிள்ளை இப்போதே பழகட்டும். நமக்கு யாரும் பழக்கவில்லை.

அடுத்து, நம்ம ராத்தாமார். பாய் இழைக்கிறவர்கள், துணியில் பூ வேலை செய்கிறவர்கள், மருதோன்றி போடுகிறவர்கள் எத்தனை பேர் வீட்டுக்குள் இருக்கிறீர்கள்? மாதத்தில் ஒரு பின்னேரம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உங்கள் கதவையும் திறக்க முடியுமா என்று யோசியுங்கள். அதற்கு முன் மேலே சொன்ன விதிகளை வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை திறக்கிறேன் என்று காக்கா கடைசியில் சம்மதித்திருக்கிறார். "ஒரு தரம் பாப்பம்" என்றுதான் சொன்னார். அதற்கு மேல் வாக்குத் தரவில்லை. அந்த ஒரு தரம் எப்படிப் போகிறது என்பது நம்ம கையில்.

இடம் தெரியாதவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், சொல்கிறேன். நானும் அன்றைக்கு அங்கே இருப்பேன், இன்ஷா அல்லாஹ். இந்த முறை பிள்ளைகள் பதினான்கு பேர் பெயர் தந்திருக்கிறார்கள். பந்தடித்த இரண்டு பேரில் ஒருவனும் அதில் இருக்கிறான்.