குன்றின் மீதொரு சிற்றூர்

ஐரோப்பாவில் வாழும் நம் உறவுகள் கோடை விடுமுறையில் இத்தாலிக்குத் திருயாத்திரை செல்வது வழமையாகிவிட்டது. உரோமாபுரி, அசிசி, புனித அந்தோனியாரின் பதுவை ஆகியவற்றைத் தரிசித்து, செபமாலைகளும் சுரூபங்களும் வாங்கி வன்னியிலுள்ள உறவினருக்கும் அனுப்பிவைக்கின்றனர். ஆயினும் பதுவைக்கு மேற்கே, கார்டா ஏரிக்குத் தெற்கே, சிறு குன்றுகள் மீது அமைந்த காஸ்திக்கிலியோன் என்னும் ஊரை நாடுவோர் மிகச் சிலரே. தமிழ்க் கிறிஸ்தவர், அதிலும் வன்னி மண்ணைச் சேர்ந்தோர், அவ்வூரை அறியாதிருத்தல் தகாது.

தேம்பாவணியின் 3,615 பாடல்களையும் சதுரகராதியையும் நமக்கு அளித்த வீரமாமுனிவர் 1680இல் பிறந்தது அங்கேதான். அவருக்கு முன்னரே, 1568இல், அவ்வூரை ஆண்ட பிரபுவின் மூத்த மகனாகப் பிறந்தவர் புனித ஞானப்பிரகாசியார். பட்டத்தைத் துறந்து இயேசு சபையில் சேர்ந்த அவர், உரோமாபுரியில் கொள்ளைநோயாளருக்குப் பணிவிடை செய்து, 1591இல் தமது 23ஆவது வயதில் மரித்தார். அவரது தலையோட்டுத் திருப்பண்டம் இன்றும் அவ்வூர்ப் பேராலயத்தில் வணங்கப்படுகின்றது.

1859 ஜூன் 24இல் அருகிலுள்ள சொல்பெரினோவில் பெரும் போர் நிகழ்ந்தது. ஒருபுறம் ஒஸ்திரியப் படை. மறுபுறம் பிரான்சும் சார்டீனியாவும். காயமுற்றோர் ஆயிரமாயிரமாய்க் காஸ்திக்கிலியோனுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆலயங்களும் வீடுகளும் வைத்தியசாலைகளாயின. அவ்வூர்ப் பெண்கள் தண்ணீரும் துணியும் ஏந்தி வந்தனர். சீருடையின் நிறத்தை அவர்கள் நோக்கவில்லை. எல்லோரும் சகோதரரே என்றனர். அவர்களோடு நின்று பணியாற்றிய ஜெனீவா வணிகர் ஹென்றி டுனாண்ட், தாம் கண்டதை 1862இல் நூலாக எழுதினார். அதன் பயனாக 1863இல் செஞ்சிலுவை இயக்கமும், 1864இல் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையும் பிறந்தன.

அந்தச் சிலுவை நம் கரைக்கும் வந்தது. 2009 பெப்ரவரி முதல் மே வரை, புதுமாத்தளனிலும் பின்னர் முள்ளிவாய்க்காலிலும் காயமுற்றோரை ஏற்றித் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டு சென்றது அக்கொடி தாங்கிய கப்பலே. அதில் ஏறிப் பிழைத்தவரும் நம்மிடையே உளர். ஏற இடமின்றிக் கரையிலேயே மாண்டவரின் உறவினரும் உளர். உடன்படிக்கைகள் இருந்தும் வைத்தியசாலைகள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. எழுதிய சட்டம் மட்டும் மனிதரைக் காப்பதில்லை என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

காஸ்திக்கிலியோன் பெண்களிடம் சட்டமும் இல்லை, கொடியும் இல்லை. இருந்தது இரக்கம் ஒன்றே. அதுவே இன்று நம் பங்குகளிலும் வேண்டப்படுகின்றது. உடலில் எறிகணைச் சிதறல்களைச் சுமந்தபடி வயல் வேலைக்குச் செல்வோர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்வோர் நம் அயலிலேயே இருக்கின்றனர். அவருள் ஒருவருக்கு உதவி கேட்டால், அவர் எந்த அணியில் நின்றார், விரும்பிச் சென்றாரா, பிடித்துச் செல்லப்பட்டாரா என்ற வினாக்களே முதலில் எழுகின்றன. நல்ல சமாரியன் இவற்றுள் ஒன்றையேனும் கேட்டானா? காயத்தைக் கண்டான், கட்டினான்.

ஆவணி மாதத்தில் மடுத் திருப்பதிக்கு பஸ்களில் திரளாகச் செல்கின்றோம். அன்னையின் அருள் நாடிச் செல்வது நன்றே. ஆனால் செல்லும் வழியிலுள்ள ஒழுங்கையில், படுக்கையில் கிடக்கும் ஒருவரின் குடிசைப் படலையைத் திறந்து உட்புகாத யாத்திரை நிறைவு பெறுவதில்லை. இத்தாலிக்குச் செல்ல நம்மில் பலரால் இயலாது. அக்குன்றின் மீது ஏற்றப்பட்ட விளக்கை நம் ஊரில் ஏற்ற எவராலும் இயலும்.