மூடிய கிரானைட் குவாரிகள்: முதலில் எதைக் கேட்பது?

முறைகேட்டுப் புகாரால் 2012-இல் மேலூர் வட்டாரக் கிரானைட் குவாரிகள் முடங்கின. பள்ளங்களும் கழிவுக்கல் குவியல்களும் மிஞ்சின. மேல்மண்ணைச் சேமித்து நிலத்தைச் சீரமைப்பது குத்தகைதாரர் பொறுப்பு என்கின்றன 1999-ஆம் ஆண்டு கிரானைட் விதிகள்.

பள்ளம் நிரப்பக் காலமாகும். எனவே கொட்டாம்பட்டிப் பகுதி விவசாயிகள் கிராம சபையில் முதலில் இரண்டைக் கேளுங்கள்: வரத்துக்கால்வாயில் கிடக்கும் கற்களை அகற்றுவது, பள்ளத்தைச் சுற்றி வேலி. கால்வாய் திறந்தால் மழைநீர் கண்மாய்க்கு வந்து சேரும்.

கல்தூள் படிந்த வயலில் மண் பரிசோதனை செய்யுங்கள். வட்டாட்சியர் அனுமதியுடன் கண்மாய் வண்டலை இலவசமாக எடுத்து இடுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். மேல்மண் ஒரே பருவத்தில் திரும்பாது, ஆண்டுதோறும் தொடருங்கள்.