மழையில் வைப்பர் நின்றுபோச்சா? மோட்டாரை மாற்றும் முன் சத்தத்தைக் கேளுங்க!

தமிழகத்தின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான். மாதக்கணக்கில் வெயிலில் சும்மா கிடந்த கார் வைப்பருக்கு வேலை வருவதும் அப்போதுதான். அந்த நேரம் பார்த்து அது நின்றுவிட்டால், பலரும் உடனே வரும் முடிவு, "மோட்டார் போச்சு". ஆனால், பல நேரங்களில் மோட்டார் நல்லாத்தான் இருக்கும். பழுது வேறு இடத்தில் இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

காரை ஓரமாக நிறுத்தி, ஏ.சி.யையும் பாட்டையும் அணைத்துவிடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் 'ஆன்' செய்து, வைப்பர் ஸ்விட்சைப் போடுங்கள். மோட்டார் சத்தம் கேட்கிறதா?

சத்தமே இல்லை என்றால்?

மின்சாரம் போகவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். வைப்பருக்கான ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பது காருடன் தந்த கையேட்டில் இருக்கும். சாவியை அணைத்துவிட்டு அதை எடுத்துப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால், அதே ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸைப் போடுங்கள். மறுபடியும் அது போனால், எங்கோ ஷார்ட் சர்க்யூட் அல்லது வைப்பர் ஜாம். "பெரிய ஃபியூஸா போட்டா தாங்கும்ல" என்று மாற்றினால் ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

ஃபியூஸ் சரி, இருந்தும் சத்தம் இல்லையா? அடுத்த சந்தேகம் ரிலே, ஸ்விட்ச், எர்த் இணைப்பு. மோட்டார் அதற்கும் பிறகுதான்.

மோட்டார் ஓடுது, வைப்பர் அசையலையா?

பெரும்பாலான கார்களில் முன்பக்க வைப்பர் இரண்டையும் ஒரே மோட்டார்தான் இயக்குகிறது. அதனால், ஒன்று ஓடி மற்றொன்று நின்றால் மோட்டார் மீது தப்பில்லை. வைப்பர் கையைப் பிடித்திருக்கும் நட் லூஸாகியிருக்கலாம். அடிப்பக்க மூடியைத் திறந்து ஸ்பேனரால் முறுக்கினாலே சரியாகிவிடலாம். இரண்டுமே அசையவில்லை என்றால், மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் லிங்கேஜ் கழன்றிருக்க வாய்ப்பு அதிகம்.

மோட்டார் திணறுவது போல முனகினால் உடனே ஸ்விட்சை அணையுங்கள். கண்ணாடிக்குக் கீழே சேர்ந்த வேப்பிலைச் சருகும் மண்ணும் லிங்கேஜைத் தடுக்கலாம். மரத்தடியில் நிற்கும் கார்களில் இது சகஜம்.

ஓடுது, ஆனா துடைக்கலையா?

அது பிளேடு பிரச்சினை. வெயிலில் ரப்பர் இறுகி வெடித்துவிடும். நம்ம ஊர் வெயிலுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால் மாற்றுவது நல்லது. பிளேடைக் கழற்றும்போது கண்ணாடி மேல் தடிமனான துணியை விரியுங்கள். வெறும் கம்பிக் கை ஸ்பிரிங் வேகத்தில் விழுந்தால் கண்ணாடியே விரிசல் விடும்.

நடுரோட்டில் நின்றால்?

வேகத்தைக் குறைத்து, இடது இண்டிகேட்டர் போட்டு ஓரம்கட்டுங்கள். நின்ற பிறகு நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடுங்கள். தலையை வெளியே நீட்டி ஓட்டுவது ஆபத்து. மழை குறையும் வரை காத்திருப்பதே வழி. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 101-வது விதியும், திறம்பட இயங்கும் வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

"மோட்டார் மாத்தணும் சார்" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஸ்விட்ச் போட்டதும் மோட்டாருக்கு 12 வோல்ட் வருதா, எர்த் சரியா இருக்கா, பார்த்தீங்களா அண்ணா?" இரண்டும் சரியாக இருந்து, லிங்கேஜைக் கழற்றிய பிறகும் மோட்டார் ஓடவில்லை என்றால் தாராளமாக மாற்றலாம். வோல்ட் வரவில்லை என்றால், புது மோட்டார் போட்டாலும் வைப்பர் ஓடாது.