கைதட்டலும் கடமையும்

2023ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் தமிழகத் தொலைக்காட்சியொன்றின் சிறுவர் பாட்டுப் போட்டியில் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா முதலிடம் பெற்றபோது, யாழ்ப்பாணக் குடாநாடு பெருமகிழ்ச்சி கொண்டது. நீண்ட போரினால் நலிந்த சமூகமொன்று தன் குழந்தையின் குரலிலே தன் தலைநிமிர்வைக் கண்டது இயல்பே. அச்சிறுமியின் ஆற்றலையோ அவரைப் பேணி வளர்த்தோரையோ குறைகூற இடமில்லை. ஆயின், மேடையேறும் குழந்தைகளைக் கொண்டாடுஞ் சமூகம் அவர்களுக்குச் செய்யவேண்டிய கடமை கைதட்டலோடு முடிந்துவிடுகின்றதா என்பது கேட்டேயாகவேண்டிய வினாவாகும்.

தமிழ் நாடக வரலாறு இதற்குத் தரும் விடை கசப்பானது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தோற்றுவித்தார். டி. கே. சண்முகம் அதிற் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. இத்தகைய பாலர் நாடகக் கம்பனிகளிலே சிறுவரே அரசனும் அரசியுமாக விடியவிடிய நடித்தனர். எம். ஜி. ஆரும் சிவாஜி கணேசனும் அங்கிருந்தன்றோ வந்தனர் எனப் பெருமை பேசுவோர் உளர். உண்மையே. ஆனால், புகழ்பெற்றோரை எண்ணும் வரலாறு பெயரின்றி மறைந்தோரை எண்ணுவதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு ஊரூராய் அலைந்து, மகரக்கட்டு உடைந்ததும் பாட்டு வேடத்தை இழந்து, வேறு தொழிலும் அறியாது நின்ற சிறுவருக்கு விழா எடுத்தவர் யார்? செங்கோட்டைக் கிட்டப்பாவை எடுத்துக்கொள்வோம். பால பருவத்திலே மேடையேறி, இலங்கை இரசிகரையும் ஈர்த்த அவர் 1933இல் தமது 27ஆவது வயதில் மறைந்தார். அவருடைய குரலை வியந்தோர் பலர். விளையாட வேண்டிய வயதை மேடை கொண்டுபோனதை நினைத்தோர் சிலரே.

"கலையைப் பிஞ்சிலேயே பயிலவேண்டாமா? இணுவிலிற் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி இளமையிலேயே பயின்றவரல்லரோ?" என வாதிடுவர். பயிலுதல் வேறு, காட்சிப்பொருளாதல் வேறு. குருவின் முன்னிலையிற் பிழைவிடும் பிள்ளை திருந்துகின்றது. ஒளிவிளக்கின் கீழ்ப் பிழைவிடும் பிள்ளையோ பல்லாயிரவர் முன் தோற்கின்றது. அதன் கண்ணீரைத் துடைக்கவேண்டிய வேளையிலே படக்கருவி அதனை நெருங்கிப் பெரிதாக்கிக் காட்டுகின்றது. பொருள் விளங்காத காதற்பாட்டைப் பச்சிளங் குழந்தை பாவத்தோடு பாடக் கேட்டு முதியோர் எழுந்து நின்று ஆரவாரிக்கின்றனர். இது கலைப்பற்றா, கண்கெட்ட கேளிக்கையா?

பொருளாசை இதனினுங் கொடிது. 1921இல் சாப்ளினுடன் நடித்து உலகப் புகழெய்திய ஜக்கி கூகன் என்னும் சிறுவன், வளர்ந்து ஆளானபோது, தான் உழைத்த செல்வத்தின் பெரும்பகுதி செலவாகிவிட்டதைக் கண்டான். 1938இல் தாய்க்கும் மாற்றாந் தந்தைக்கும் எதிராக வழக்காடினான். அதன் பயனாக 1939இல் கலிபோர்னியாவிலே குழந்தை நடிகரின் வருவாயைக் காக்குஞ் சட்டம் பிறந்தது. இந்தியாவிலும் 2017ஆம் ஆண்டின் விதிகள் குழந்தைக் கலைஞரின் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 5 மணித்தியாலங்களாக வரையறுத்து, வருவாயில் 20 வீதத்தையேனும் அக்குழந்தையின் பெயரில் வைப்பிலிடப் பணிக்கின்றன. பெற்றோரின் அன்பு ஒன்றே போதுமான காவலாயின் இச்சட்டங்களுக்குத் தேவையே எழுந்திராது.

புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்திய பத்து வயதுப் பிள்ளையின் படத்தைப் பத்திரிகையிலும் பதாகையிலும் இட்டு மகிழும் மண் இது. சிறுவரின் வெற்றியை ஊரின் உடைமையாக்கும் அப்பழக்கமே இன்று தொலைக்காட்சி மேடையையும் நாடுகின்றது. அம்மேடைக்குச் செல்லும் பிள்ளையின் கல்வி தடைப்படலாகாது. அதன் உழைப்பின் பயன் அதற்கே சேரவேண்டும். தோற்றுத் திரும்பும் பிள்ளையையும் அதே அன்போடு ஊர் வரவேற்க வேண்டும். இம்மூன்றையும் உறுதிசெய்ய முன்வராத சமூகத்துக்கு, வென்றுவரும் பிள்ளையை ஊர்வலமாக அழைத்துச் செல்லும் உரிமையும் இல்லை.