இரண்டு மிதியில் பிடிக்கும் பிரேக்

“ரெண்டு மிதி மிதிச்சா பிடிச்சுக்கிடும் அண்ணாச்சி, ஒண்ணும் பயப்படாண்டாம்.” பூதப்பாண்டியில், பூதலிங்கசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில், வாடகைக்கு அமர்த்திய ஒரு பழைய காரின் முன் ஆசனத்தில் நான் உட்கார்ந்த மாத்திரத்தில், அதன் சாரதி எனக்குச் சொன்ன ஆறுதல் வார்த்தை இது. அவர் பொய்யரல்லர், இருபது வருஷ அனுபவஸ்தர், சொன்னதைப் பரிபூரணமாக நம்பியே சொன்னார். அவர் ஒருவர் மட்டும் அப்படி நம்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. முதல் மிதியில் பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்தாலும் இரண்டாம் மூன்றாம் மிதியில் கெட்டிப்படுமானால் பிரேக் சரியாகவே இருக்கிறது என்றும், அதற்கு மேலும் சந்தேகம் இருக்குமானால் டப்பாவில் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிக்கொண்டால் தீர்ந்தது என்றும், திட்டுவிளையிலும் நாகர்கோவிலிலும் சென்னைப் பட்டணத்திலும் கார் ஓட்டுகிறவர்களிடையே ஓர் அபிப்பிராயம் சித்தாந்தம்போல் வேரூன்றியிருக்கிறது. இதைப் பிழை என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. இது உயிரை வாங்கும் பிழை.

அன்று நான் அந்தக் காரிலிருந்து இறங்கிவிட்டேன். கீரிப்பாறை பஸ்ஸுக்காக நான் காத்து நிற்கையில் சாரதி பக்கத்தில் வந்து, சற்று மனஸ்தாபத்தோடு, “பஸ்ஸுக்குக் காத்துலதானே பிரேக் பிடிக்கு? காருக்குள்ள கொஞ்சம் காத்து இருந்தா என்ன கேடு?” என்று வினவினார். இந்த வினாவை அலட்சியம் செய்வதற்கில்லை. லாரியின் முதுகில் ‘ஏர் பிரேக்’ என்று எழுதியிருப்பதைத் தினந்தோறும் பார்க்கிற எவருக்கும் இது நியாயமாகவே தோன்றும். ஆனால் பஸ்ஸிலும் லாரியிலும் எஞ்சினால் இயங்கும் கம்ப்ரஸர், ஓயாமல் காற்றைத் தொட்டிகளில் திணித்து, சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 பவுண்டு அழுத்தத்தில் சேமித்து வைக்கிறது; சாரதியின் கால் அந்தச் சேமிப்பின் வால்வைத் திறந்துவிடுகிறதே அல்லாமல், காற்றைத் தானே அமுக்குவதில்லை. காரில் அத்தகைய சேமிப்பு ஏதுமில்லை. அடைபட்ட திரவத்தின் ஒரு பக்கத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கங்களுக்கும் செல்லும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் கண்டு சொன்ன தத்துவத்தை, அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர் கார்ச் சக்கரத்துக்குப் பிரயோகித்து 1917-இல் உரிமம் பெற்றார். 1921-இல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதைப் பூட்டிக்கொண்டு வெளிவந்தது. அம்பாஸடர் முதல் இன்றைய மாருதி வரை நம் கார்கள் அனைத்தும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. அவற்றில் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே நிற்பது, அமுங்காத தன்மையினாலேயே வேலை செய்கிற ஒரு திரவம். அமுங்குவதையே சுபாவமாக உடைய காற்று அதில் ஒரு குமிழி அளவு புகுந்தாலும், கால் மிதித்த தூரத்தில் ஒரு பங்கு அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிறது.

அப்படியானால் இரண்டாவது மிதியில் பெடல் ஏன் மேலே வருகிறது? காலைச் சடக்கென்று எடுத்து மறுபடி மிதிக்கும்போது, டப்பாவிலிருந்து மேலும் கொஞ்சம் ஆயில், பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இறங்கி, முன்னே போனது திரும்பி வருமுன் அதன் பின்னால் சேர்ந்து, குமிழிகளை நெருக்கிப் பிடிக்கிறது. காற்று வெளியேறவில்லை, ஒரு நிமிஷம் நெருக்குண்டு கிடக்கிறது, அவ்வளவே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடந்துவிடும். தடிக்காரன்கோணம் சாலை வளைவில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும்போது, அந்த இரண்டாவது மிதிக்கான விநாடியை யாரிடம் கடன் வாங்குவது?

டப்பாவில் ஆயில் ஊற்றுகிற வைத்தியத்துக்கு வருவோம். மூடிக்கிடக்கும் குழாய்களில் உள்ள ஆயில் எரிந்து செலவாகிற பொருள் அன்று. மட்டம் குறைந்ததென்றால், பிரேக் லைனிங் தேய்ந்து பிஸ்டன்கள் முன்னே நகர்ந்து அந்த இடத்தை ஆயில் நிரப்பியிருக்க வேண்டும். அல்லது எங்கேயோ ஒழுக வேண்டும். காரணத்தை விட்டுவிட்டு மட்டத்தை மட்டும் நிரப்புகிறவரே தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். பம்புசெட்டில் காற்றுப் பிடித்துத் தண்ணீர் ஏறாவிட்டால், குடம் குடமாக ஊற்றிப் பார்த்ததோடு அவர் நிற்பதில்லை. உறிஞ்சு குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி, புட்வால்வைத் தூக்கிப் பார்த்து, காற்று புகுந்த வாசலைக் கண்டுபிடிக்கும் வரையில் சாப்பாட்டுக்கும் போவதில்லை. வாழைக்குக் காட்டுகிற அந்தச் சிரத்தையைத் தம் பெண்டு பிள்ளைகள் ஏறும் காருக்குக் காட்டாதது எனக்கு விளங்காத துயரம்.

அந்த ஆயிலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பெயர் ஆயிலே தவிர அது எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஈரத்தைத் தானே ஈர்த்துக்கொள்ளும் ஒருவகைத் திரவம். டாட் 3 என்னும் தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-இல் 230-ம் 155-ம். ஆனி ஆடியில் ஒரு மழையும் ஐப்பசி கார்த்திகையில் மற்றொரு மழையுமாக இரண்டு பருவங்களிலும் நனைகிற நாஞ்சில் நாட்டில், வருஷக்கணக்கில் மாற்றாத ஆயில் எவ்வளவு ஈரம் குடித்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கீரிப்பாறையிலிருந்து நாலு பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, கியரை இறக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால், சக்கரத்தின் சூட்டில் அந்த நீர் ஆவியாகிறது. ஆவியும் காற்றைப் போலவே அமுங்குவது. பெடல் தரைக்குப் போய்விடும். மறுநாள் காலையில் சூடு ஆறி, ஆவி மீண்டும் நீராகியபின் பிரேக் நன்றாகவே பிடிக்கும். குற்றவாளி மறைந்துவிட்டபடியால், ‘வண்டியில் கோளாறு இல்லை, ஏதோ கிரகம்’ என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியே எடுப்பது மெக்கானிக்குகளுக்கு மட்டும் சித்தித்த ரகசியம் என்பது இதே மயக்கத்தின் மறுபக்கம். எனக்கு ஆறுதல் சொன்ன அந்தச் சாரதியே, வாக்குவாதம் முடிந்து இரண்டு வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் வீட்டு முற்றத்தில் அதைச் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். சமதரையில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, எஞ்சினை அணைத்து, மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்கினார். (எல்லாக் கார்களுக்கும் இந்த வரிசை பொருந்தாது, அந்தந்தக் காரின் கைப்புத்தகம் சொல்வதே பிரமாணம்.) அந்தச் சக்கரத்தில் காற்றெடுப்பதற்கென்று உள்ள நிப்பிளில் கண்ணாடிபோன்ற ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முழுகவிட்டார். மகன் ஆசனத்தில் அமர்ந்து மெதுவாக மிதித்து, “பிடிச்சிருக்கேன்பா” என்றான். தகப்பனார் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தினார். கறுப்புக் காப்பி நிறத்தில் ஆயிலும் குமிழிகளும் வந்தன. நிப்பிளை மூடிய பிறகே, “விடு மக்கா” என்றார். மூடுவதற்கு முன் காலை விட்டால் வெளியே போன காற்று அதே வழியில் உள்ளே ஏறிவிடும். பழைய வண்டியாதலால், இதுவரை பிஸ்டன் போகாத துருப்பகுதியில் ரப்பர் கப் உரசிக் கிழியாதபடி, பெடலுக்கடியில் ஒரு மரத்துண்டு வைத்திருந்தார். நாலைந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவின் மட்டத்தைப் பார்த்து நிரப்பினார். அது வற்றினால் செய்த வேலை முழுதும் பாழ். வெளிவந்த ஆயிலில் ஒரு துளியையும் அவர் திரும்ப ஊற்றவில்லை. பெயிண்ட் மேல் சிந்தியதை உடனே தண்ணீர்விட்டுக் கழுவினார். இல்லாவிட்டால் பெயிண்டை அது உரித்துவிடும்.

காற்று புகுந்த வாசலைத் தேடிப் பின் இடது டிரம்மைக் கழற்றியபோது வீல் சிலிண்டர் நனைந்திருந்தது. அதன் ரப்பர் கப் கிழிந்திருந்தது. அதை மாற்றி, மறுபடி காற்றெடுத்த பிறகு, முதல் மிதியிலேயே பெடல் பாதி வழியில் கல்லாக நின்றது.

ஆயினும் எல்லாவற்றையும் முற்றத்தில் முடித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குமானால், ஒழுக்கும் வெளியே காணப்படாவிட்டால், அது பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் உள்நோய். எவ்வளவு காற்றெடுத்தும் தீராது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் கட்டாயமான ஏ.பி.எஸ். உள்ள வண்டிகள் சிலவற்றில், அதன் வால்வுகளுக்குள் சிக்கிய காற்றை எடுக்கத் தனிக் கருவி வேண்டும். அவற்றை ஒர்க்ஷாப்புக்கே கொண்டுபோக வேண்டும்.

கார் வைத்திருக்கும் அன்பர்களை ஒன்று பிரார்த்திக்கிறேன். நாளைக் காலையில் வண்டியை வீதிக்கு எடுக்குமுன் பெடலை ஒரே ஒரு முறை மிதித்துப் பாருங்கள். அந்த ஒரு மிதியில் அது கெட்டியாக நிற்காவிட்டால், இரண்டாவது முறை மிதிக்காமல் இறங்கிவிடுங்கள்.