அம்மை இறங்கிய வீடும் சட்டம் நுழைந்த வீடும்

2020 மார்ச் மாதத்தின் கடைசி வாரம். ஊரடங்கு அறிவிக்கப்பட்டு நான்கைந்து நாட்களே ஆகியிருந்தன. கட்சித் தலைமையகத்திலிருந்து வந்த அறிக்கையொன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது 'சோஷியல் டிஸ்டன்சிங்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். தொலைக்காட்சியும் அரசு விளம்பரங்களும் அதற்குள் 'சமூக இடைவெளி' என்ற தொடரை நிலைநாட்டியிருந்தன. ஊருக்கும் சேரிக்கும் இடையே, கிணற்றுக்கும் குடத்துக்கும் இடையே நூற்றாண்டுகளாக இருந்துவரும் இடைவெளி போதாதென்றா இன்னொன்றைக் கேட்கிறோம்? 'உடல் இடைவெளி' என்று எழுதி அனுப்பினேன். நாடெங்கும் ஒரு சொல் வழங்கும்போது நமது ஏட்டில் மட்டும் வேறு சொல் வந்தால் வாசகர்கள் குழம்பமாட்டார்களா என்று ஆசிரியர் குழுத் தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனமே சில நாட்களுக்கு முன் 'உடல்' என்ற அடைமொழிக்கு மாறிவிட்டதை எடுத்துக்காட்டிய பிறகே அச்சொல் அச்சேறியது.

ஒரு நோய்க்கு மக்கள் என்ன பெயர் வைத்தார்கள், அரசு என்ன பெயர் வைத்தது என்று தேடும் பழக்கம் அன்று எனக்கு ஏற்பட்டது. பெரியம்மையை நாம் 'அம்மை' என்கிறோம். கொப்புளங்களை 'முத்து' என்கிறோம். இந்தி பேசும் மாநிலங்களில் 'மாதா' வந்திருப்பதாகச் சொல்வார்கள். வங்காளியர் 'மாயேர் தயா', அதாவது தாயின் கருணை, என்பார்கள். தாக்கியவர்களில் பத்துக்கு மூவரைக் கொன்ற நோய் அது. பிழைத்தவர் பலரின் கண்ணைப் பறித்தது. அதைக் கருணை என்று அழைத்த மக்களை அறியாமையில் உழன்றவர்கள் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. நானும் இளமையில் அப்படித்தான் நகர்ந்தேன்.

எனக்குச் சின்னம்மை கண்டபோது வயது ஆறோ ஏழோ. கீழத்தஞ்சைப் பகுதியில் எங்கள் வீடு. வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. அடுப்பில் தாளிப்பு நின்றது. வெளியாட்கள் திண்ணையோடு திரும்பிப் போனார்கள். பாட்டியைத் தவிர வேறு யாரும் என் பாயருகே வரவில்லை. இளநீர், மோர், குழைந்த சோறு, அரிப்பைத் தடவ வேப்பங்கொழுந்து. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை இதுதான் நடைமுறை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த என் மாமா இதையெல்லாம் கேலி செய்தார். பாட்டி கோபப்படவில்லை. "மொதல்ல ஒரு டாக்டர இந்த வாசலுக்குக் கூட்டிட்டு வா தம்பி. அப்புறமா நானே வேப்பிலைய அவுத்துப் போடறேன்" என்றார். அருகிலிருந்த மருத்துவர் பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தார். மாமாவிடம் பதில் இல்லை.

அந்த நடைமுறையைச் சற்று நிதானமாகப் பார்த்தால், அதில் பாதி நோயாளியைத் தனிமைப்படுத்துதல், மீதி பணிவிடை. தெய்வத்தின் பெயரால் சொன்னால்தான் அண்டை வீட்டார் வாசலோடு நிற்பார்கள், பசித்தவர் வீட்டிலும் நோயாளிக்கென்று ஒரு கிண்ணம் மோர் ஒதுக்கப்படும். மருந்தே இல்லாத நோய்க்கு இதற்குமேல் எவரும் எதுவும் செய்திருக்க முடியாது. வட இந்தியாவில் அம்மைத் தெய்வத்தின் பெயர் சீதளா, குளிர்ந்தவள். கழுதை வாகனம், கையில் துடைப்பமும் நீர்க்குடமும், தலையில் முறம். அடுப்படியிலும் வாசலிலும் பெண்கள் அன்றாடம் புழங்கும் பொருள்களே அவளுடைய அடையாளங்கள்.

பக்தியோடு நின்றுவிடவும் இல்லை. வங்காளத்தில் டீக்காதார் எனப்பட்ட அம்மை குத்துவோர், முந்தைய ஆண்டின் கொப்புளத்திலிருந்து எடுத்து வைத்த பொருளை நலமாக இருப்பவரின் கையில் கீறித் தடவினார்கள். உணவுக் கட்டுப்பாடும் குளிர்ந்த நீர்க் குளியலும் விதித்தார்கள். சீதளாவை வேண்டியபடியே இதைச் செய்தார்கள். கல்கத்தாவில் இருந்த ஹோல்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1767 இல் இதை விவரித்து லண்டன் மருத்துவர்களுக்கு எழுதினார். ஜென்னர் பசுவம்மைப் பாலை முதன்முதலில் செலுத்தியது 1796 இல்தான். ஒருமுறை வந்தவரை மீண்டும் தீண்டாது என்ற அனுபவ அறிவும் தெய்வ நம்பிக்கையும் ஒரே கையில் இருந்தன.

இதைச் சொல்லும்போது பழமையைப் போற்றும் கூட்டத்தாருக்கு வழி திறந்துவிடுகிறேனோ என்ற அச்சம் உண்டு. எனவே மறுபாதியையும் சொல்ல வேண்டும். கீறி வைத்த அம்மையிலிருந்து தொற்று பரவி, கீறப்படாதவர் இறந்ததுண்டு. 1802 இல் பம்பாய்க்குத் தடுப்பூசி வந்து சேர்ந்தது. அக்காலத்தில் ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்தின் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குச் செலுத்துவார்கள். ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த நீர் தம் பிள்ளையின் உடலில் ஏறுவதா என்று மேல்சாதியினர் மறுத்தார்கள். அம்மை சாதி பார்க்கவில்லை. தடுப்பூசிக்குச் சாதி பார்த்தார்கள். தாயின் கருணை என்ற சொல்லுக்குள் இந்தக் கொடுமையும் குடியிருந்தது.

நம்பிக்கை மக்களிடம் மட்டுமா இருந்தது? அரசிடமும் ஒன்று இருந்தது. நோய் என்பது ஏழையின் வீட்டிலும் அவன் உடலிலும் உறையும் அழுக்கு என்பதே அது. 1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோயை டாக்டர் வியேகாஸ் கண்டறிந்தார். 1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள். அரசு தேவையென்று கருதும் எதையும் செய்யலாம் என்பது அதன் சாரம். நல்லெண்ணத்தில் செய்த எதற்காகவும் அதிகாரிமீது வழக்குத் தொடுக்க முடியாது என்பது நான்காம் பிரிவு. மக்களுக்கு மருத்துவம் தரவேண்டிய கடமையைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

வீடுகளுக்குள் ஆட்கள் நுழைந்தார்கள். துணிமணிகள் எரிக்கப்பட்டன, கூரைகள் பிரிக்கப்பட்டன. ரயில் நிலையங்களில் பயணிகளை நிறுத்தி, பெண்கள் உட்பட, நெறிகட்டி இருக்கிறதா என்று உடலைத் தடவிப் பார்த்தார்கள். பூனாவில் இந்த வேலைக்கு ராணுவச் சிப்பாய்களையே இறக்கினார்கள். முன்னதாகவே, 1896 அக்டோபரில், பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கியிருந்தார்கள். உள்ளே போனவர்கள் உயிரோடு திரும்புவதில்லை என்பது அவர்களுடைய அச்சம். வரலாற்று நூல்கள் சிலவற்றில் இதற்கு 'வதந்தி' என்று பெயர். உறவினரைப் பிரித்து, சாதி முறைப்படி உண்ணவோ கொள்ளிவைக்கவோ விடாமல் அடைத்து வைத்த இடத்தைப் பற்றி மக்கள் வேறு என்ன பேசியிருக்க முடியும்? 1897 ஜூன் 22 அன்று பூனா பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். அவர்களுடைய சனாதன அரசியலுக்கும் நமக்கும் ஒட்டில்லை. ஆனால் அந்தச் சீற்றத்துக்கு நகரத்தில் கேட்போர் இருந்ததற்குக் காரணம் அந்தச் சோதனைகளே.

இவ்வளவு கெடுபிடிக்கும் நடுவே சட்டம் தேடியது தவறான இடத்தில். 1898 ஜூனில் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சிமோன், எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்று சோதனையால் காட்டினார். அதையும் பல ஆண்டுகள் யாரும் ஏற்கவில்லை. மனிதரைத் தடவிய கைகள் எலியைத் தேடவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தியாவில் அந்நோய்க்குப் பலியானவர்கள் ஒரு கோடி என்ற அளவை எட்டினார்கள். அறிவியலின் சீருடையை அணிந்திருந்தாலும் அதுவும் மூடநம்பிக்கைதான் என்பது என் கருத்து.

அதே ஊரில், அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. பூனாவுக்கு வெளியே சாவித்திரிபாய் புலேயும் மருத்துவரான மகன் யஷ்வந்தும் பிளேக் நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை நடத்தினார்கள். நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிவந்து பணிவிடை செய்த சாவித்திரிபாய் அத்தொற்றுக்கு ஆளாகி 1897 மார்ச் 10 அன்று மறைந்தார். சட்டம் பிறந்து ஐந்து வாரம்கூட ஆகியிருக்கவில்லை. நமது கல்வி வகுப்புகளில் அவரை முதல் ஆசிரியை என்று மட்டுமே சொல்கிறோம். அவருடைய சாவையும் சொல்ல வேண்டும்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளரின் இன்னொரு சங்கடம். 1844 இல் மார்க்ஸ் மதத்தை அபினோடு ஒப்பிட்டார். தமிழில் அது மேடைகளில் 'போதை' ஆகிவிட்டது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் அபின் மருந்துக் கடையில் விற்ற வலிநிவாரணி. இங்கிலாந்தின் உழைக்கும் தாய்மார்கள் 'காட்ஃப்ரேஸ் கார்டியல்' என்ற அபின் கலந்த திரவத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்ததை அடுத்த ஆண்டு எங்கெல்ஸ் எழுதினார். அது குழந்தைகளைக் கெடுத்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. வலி இருக்கும்வரை அபின் தேடுவார்கள் என்பதும் அபின் வலியின் காரணத்தைத் தீர்க்காது என்பதும் சேர்ந்ததே அந்த ஒப்புமை. 'போதை' என்று பெயர்த்தால் இரண்டாவது மட்டும் நிற்கிறது, முதலாவது விழுந்துவிடுகிறது. நான் 'அபின்' என்றே எழுதுகிறேன்.

பெரியம்மை எப்படிப் போனது? சீதளா கோயில்களை எவரும் இடிக்கவில்லை. 1970களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகத் தேடினார்கள். நோயாளி இருப்பதாகத் தகவல் தந்தவருக்குப் பரிசுத் தொகை கொடுத்தார்கள். நோய் கண்ட வீட்டைச் சுற்றியிருந்த அனைவருக்கும் ஊசி போட்டார்கள். சில சிற்றூர்களில் இரவில் புகுந்து வலுக்கட்டாயமாகப் போட்டதும் நடந்தது, அதை மறைப்பதற்கில்லை. 1975 மே மாதத்தில் அஸ்ஸாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்டதே இந்தியாவின் கடைசி நோயாளி. 1980 மே 8 அன்று பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது.

1971 இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமின் கதையும் இதோடு சேர்ந்தது. காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளூக்கோஸும் கரைத்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்தார். முப்பது விழுக்காடு அளவிலிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. வாந்திபேதிக்கு ஓலாபீபியை இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே வேண்டிக்கொண்ட மண் அது. வேண்டுதலை நிறுத்தச் சொல்லி அவர் யாரிடமும் வாதிட்டதாக நான் படித்ததில்லை.

பிறகு 2020. 1897 ஆம் ஆண்டுச் சட்டமே தூசு தட்டி எடுக்கப்பட்டது. மார்ச் 22 மாலை தட்டுகளைத் தட்டச் சொன்னார் பிரதமர், ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றச் சொன்னார். ஜூனில் பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் பெண்கள் 'கொரோனா மாதா'வுக்கு ஒன்பது லட்டும் ஒன்பது கிராம்பும் படைத்தார்கள். நமது தோழர்கள் பலர் அந்தப் பெண்களின் படங்களை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து சிரித்தார்கள். ஒன்பதின் கணக்கை நாட்டின் தலைமை தொடங்கி வைத்ததைப் பார்த்துச் சிரித்ததைவிட அதிகமாகவே சிரித்தார்கள். கையில் லட்டோடு நின்ற பெண்களில் எத்தனை பேரின் கணவனும் மகனும் அந்தக் கோடையில் நெடுஞ்சாலைகளில் நடந்து வந்தார்கள் என்று அந்தப் படங்கள் சொல்லவில்லை.

2020 மே 8 அன்று அதிகாலை, ஜால்னாவின் இரும்பு ஆலையிலிருந்து மத்தியப்பிரதேசத்து ஊர்களுக்குத் தண்டவாளம் வழியே நடந்த தொழிலாளர்கள் களைத்து அதிலேயே படுத்துவிட்டார்கள். அவுரங்காபாத் மாவட்டத்தில் சரக்கு ரயில் ஏறிப் பதினாறு பேர் இறந்தார்கள். தண்டவாளத்தில் அவர்களுடைய ரொட்டிகள் சிதறிக் கிடந்தன. பெரியம்மை ஒழிந்ததாக உலகம் அறிவித்து அன்றோடு சரியாக நாற்பது ஆண்டுகள். செய்தியைத் தமிழாக்கிய நாளில் எனக்கு அது தோன்றவில்லை. பின்னால் தேதிகளைச் சரிபார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது.

சென்ற மாதம் மக்கள் நல்வாழ்வு பற்றிய வரைவுத் தீர்மானம் ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. ஒரு மலைப்பகுதியில் அம்மை கண்ட குழந்தைகளைத் தாய்மார்கள் மருத்துவரிடம் கொண்டுசெல்லாமல் பூசாரியிடம் கொண்டுபோவதைக் கண்டித்து, அங்கே பகுத்தறிவுப் பரப்புரை நடத்த வேண்டும் என்கிறது ஒரு பத்தி. பரப்புரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பத்தியை அப்படியே தமிழாக்கிவிட்டு ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன்: அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளதா? பதில் இன்னும் வரவில்லை.